சி மொழியில் எழுத்தையும் சரத்தையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி மொழிக்கு எழுத்து என்பது ஓர் எண்ணே. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி (ASCII) முறையில் ஆங்கிலப் பெரிய ‘ஏ’ (A) 65, சிறிய ‘ஏ’ 97, ‘5’ என்ற எழுத்து 53. ஆகவே ஓர் எழுத்தை ஒப்பிட == குறியே போதும். ஆனால் ஒற்றை மேற்கோள் இடாமல் வெறும் 5 உடன் ஒப்பிட்டால், பயனர் 5 என்ற விசையை அழுத்தினாலும் நிபந்தனை பொய்யாகிவிடும். பெரிய ‘ஒய்’, சிறிய ‘ஒய்’ இரண்டையும் ஏற்க விரும்புவோர், ‘அல்லது’ எனப் பொருள்படும் || குறிக்கு இடப்புறம் மட்டும் மாறியை ஒப்பிட்டு, வலப்புறம் எழுத்தை மட்டும் எழுதிவிடுவதுண்டு. சுழியல்லாத எம்மதிப்பும் மெய்யாகக் கொள்ளப்படுவதால், எந்த விசையை அழுத்தினாலும் நிபந்தனை நிறைவேறும்.

எழுத்துகளின் தொடரான சரத்தில் சிக்கல் ஆழமானது. இரட்டை மேற்கோளுக்குள் இட்ட ஒற்றை ‘ஏ’ கூட, சரத்தின் முடிவைக் காட்டும் சுழிக்குறியோடு சேர்ந்து இரண்டு பைட் கொண்ட அணியாகும். இரு சரங்களுக்கிடையே == இட்டால் உள்ளடக்கம் அன்றி நினைவக முகவரிகளே ஒப்பிடப்படும். இத்தவறு சில வேளைகளில் சரியான விடையையே தந்துவிடுவதுதான் தொல்லை: நிரலில் ஒரே சரத்தை இரண்டு இடங்களில் எழுதினால், நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அவற்றை ஒரே முகவரியில் வைக்கக்கூடும். சோதனையில் தேறிய அந்த நிரல், பயனர் தட்டச்சு செய்த கடவுச்சொல்லை ஒப்பிடும்போது பொய்த்துவிடும். கம்பைலரின் எச்சரிக்கைகளை எப்போதும் இயக்கி வையுங்கள். நிரலில் நேரடியாக எழுதிய சரத்தோடு == இட்டால், ஜிசிசி (GCC) கம்பைலர் அதைச் சுட்டிக்காட்டும்.

சரங்களின் உள்ளடக்கத்தை ஒப்பிடுவதற்குரிய ஸ்டிர்கம்ப் (strcmp) செயற்கூறு, சரங்கள் சமமானால் 0 தருகிறது. இஃப் நிபந்தனையில் அதை அப்படியே இட்டால் பொருள் தலைகீழாகும்; எனவே == 0 என்று வெளிப்படையாக எழுத வேண்டும். சமமில்லாதபோது 1 அல்லது -1 தான் வரும் என்றும் எண்ணக்கூடாது. குறை எண்ணா, நிறை எண்ணா என்பது மட்டுமே உறுதி.

ஒரு வரியை உள்ளீடாக வாங்கும் எஃப்கெட்ஸ் (fgets) செயற்கூறு மூலம் வாங்கிய சரத்தின் இறுதியில் என்டர் விசையின் புதுவரிக்குறியும் தங்கியிருக்கும் என்பதால், அதை நீக்காமல் ஒப்பிட்டால் சமம் என்ற விடை வராது.

தமிழ்ச் சரங்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு. யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ மூன்று பைட் கொள்வதால், ஒரு பைட் அளவுள்ள கேர் (char) மாறியில் அடங்காது. ‘கொ’ என்பதையோ இரு வகையாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைத்தால் 6 பைட்; ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தால் 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தாலும் ஸ்டிர்கம்ப் அவற்றை வேறென்றே சொல்லும். யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியு (ICU) போன்ற நிரல் நூலகத்தைக் கொண்டு இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.