பாஷா, இசட் ஷெல்லா, பிஷ்ஷா?

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் புதிதாக லினக்ஸ் போடுகிற பொடியன்கள் இரண்டாம் நாளே கேட்பது, எந்த ஷெல் (நாம் அடிக்கிற கட்டளையை வாங்கி ஓட்டுகிற நிரல்) நல்லது என்பதுதான். சரி, முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் கட்டளை அடிக்கிற ஷெல்லும் உங்கள் ஸ்கிரிப்ட்டை, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பை, ஓட்டுகிற ஷெல்லும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை.

படிப்பதற்கு பாஷ். 1989இல் பிரையன் பாக்ஸ் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக எழுதியது. உபுண்டு, டெபியன், பெடோரா என்று எந்த லினக்ஸ் வகையைப் போட்டாலும் கூடவே வரும். நாளைக்கு வேலை கிடைத்து எங்கேயோ இருக்கிற லினக்ஸ் சர்வருக்குள் நுழைந்தாலும் பெரும்பாலும் அதுதான் இருக்கும், அங்கே உங்கள் விருப்பத்துக்கு வேறு ஷெல் போட யாரும் விடமாட்டார்கள்.

தினமும் அடிக்க எனக்குப் பிடித்தது பிஷ். நீங்கள் இரண்டு எழுத்து அடிக்கும்போதே, முன்பு அடித்த கட்டளையை மங்கலாகக் காட்டும், வலது அம்புக்குறியை அழுத்தினால் முழுதும் வந்துவிடும். பிஷ்ஷைப் போட்டபின் இதற்கென்று வேறு எதையும் தனியாக இறக்கத் தேவையில்லை, டேட்டா பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற எங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் அதன் இலக்கணம் வேறு. இணையத்தில் கண்ட பாஷ் வரிகளை அப்படியே ஒட்டினால் சிலது ஓடாது. அப்போது பாஷ் என்று அடித்து உள்ளே போய் வேலையை முடித்துவிட்டு வெளியே வாருங்கள்.

இசட் ஷெல் இரண்டுக்கும் நடுவில். 2019 முதல் மேக் கணினிகளில் அதுதான் இயல்பான ஷெல். பாஷ் பழகிய கை அதிகம் தடுமாறாது, பட்டியலில் உள்ளவற்றுக்கு இட எண் மட்டும் பூச்சியத்தில் இல்லாமல் ஒன்றில் தொடங்கும். அழகுக்காக ஊரிலுள்ள பிளக்இன் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்) எல்லாம் ஏற்றினால் பழைய லாப்டொப்பில் டெர்மினல் திறக்க முதல் தேத்தண்ணி குடித்து முடிக்கலாம்.

ஸ்கிரிப்ட் எழுதும்போது, எந்த ஷெல் அதை ஓட்டவேண்டும் என்று சொல்லும் முதல் வரியில் பாஷ் என்றே தெளிவாகக் குறிப்பிடுங்கள். வெறும் எஸ்எச் என்று போட்டால் உபுண்டுவில் 2006 முதல் ஓடுவது டாஷ் என்ற வேறொரு ஷெல்; வேகமானது, ஆனால் நிபந்தனை சோதிக்க பாஷில் எழுதுகிற இரட்டைச் சதுர அடைப்புக்குறி அதற்குப் புரியாது.

உங்கள் இயல்பான ஷெல்லை மாற்ற முன், புதிய ஷெல்லின் பெயரை அடித்து ஒரு கிழமை சும்மா பாவித்துப் பாருங்கள். பிடித்தால் சிஎச்எஸ்எச் கட்டளையால் மாற்றி, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் ஷெல்லில் மட்டும் கை வைக்காதீர்கள்.