பயணத்துக்கு முன் பைக் டயர்: இன்னும் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?

நீண்ட பயணம் கிளம்பும் முன் வண்டியைக் காட்டினால், பெரும்பாலான மெக்கானிக்குகள் டயரைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு "இன்னும் ஓடும்" என்பார்கள். ஓடும்தான். எவ்வளவு தூரம், எந்தச் சாலையில், வெயிலிலா மழையிலா என்பதுதான் கேள்வி. பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகள், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது பாதி வேலை. உங்கள் கையில், உங்கள் சாலைகளில் அது என்ன வேகத்தில் தேய்கிறது என்று தெரிந்தால்தான் கணக்கு முடியும்.

நெல்லைக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஜூன், ஜூலையில் பாளையங்கோட்டையில் தார் காய்ந்து கொதிக்கும். அதே நாளில் தென்காசி தாண்டினால் சாரலில் சாலை நனைந்து கிடக்கும். காய்ந்த தாரில் மொட்டை டயர்கூடப் பிடிக்கும். கேரள எல்லைப் பக்கம் நனைந்த புளியரை எஸ் வளைவில் பிடிக்காது. ஆகவே மேற்கே போகிறவர்கள் கிளம்பும் இடத்து வானத்தைப் பார்த்து டயரை எடை போடக்கூடாது.

அளப்பது எப்படி

சென்டர் ஸ்டாண்டு போட்டு, டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். டயர் கடையில் கிடைக்கும் ஆழமானி நல்லது. வெர்னியர் காலிப்பரின் பின்முனையில் நீளும் மெல்லிய கம்பியும் அதே வேலையைச் செய்யும். இரண்டும் இல்லையென்றால் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, பள்ளத்துக்குள் செங்குத்தாக நிறுத்தி, பட்டனின் மேல்மட்டத்தில் நகத்தால் குறித்து ஸ்கேலில் வைத்துப் பார்க்கலாம். ஸ்கேலைப் பள்ளத்துக்குள் விட்டு அளக்காதீர்கள். பல ஸ்கேல்களில் பூஜ்யம் விளிம்பிலிருந்து தொடங்குவதில்லை. ஈர்க்கில் அரை மில்லிமீட்டர் பிசகு வரும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கச்சுவரில் சின்ன முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. என்ற மூன்று எழுத்துகளோ பொறித்திருக்கும். அதற்கு நேரே மேலே போனால் பள்ளத்தின் அடியில் ஒரு குட்டி மேடு தெரியும். அதுதான் தேய்மான அடையாளம். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆழமானியை அந்த மேட்டின் மேல் வைத்து அளந்தால் தவறான கணக்கு வரும். மேட்டை விட்டு விலகி, பள்ளத்தின் உண்மையான அடியைத் தொட வேண்டும்.

நடுவில் ஓடும் பள்ளத்தில் சக்கரத்தைச் சுற்றி நான்கு இடங்களிலும், நடுவிலிருந்து சற்று விலகி இடமும் வலமுமாகவும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கணக்குக்கு எடுக்க வேண்டியது சராசரியை அல்ல, மிகக் குறைந்த எண்ணை. டயர் அந்த இடத்தில்தான் முதலில் கைவிடும்.

இருசக்கர வாகனத்துக்குக் குறைந்தது 0.8 மி.மீ. ஆழம் வேண்டும் என்கின்றன மத்திய மோட்டார் வாகன விதிகள். அது சட்டத்துக்கு. நனைந்த சாலையில் டயருக்கு அடியிலிருக்கும் தண்ணீரை வெளியேற்ற வேண்டியது இந்தப் பள்ளங்கள்தான். ஆழம் குறையக் குறைய அந்த வேலை நின்றுபோகும். மழைக்கான பயணத்துக்கு 2 மி.மீ.யை எல்லையாக வைத்துக்கொள்வதே சரி. பட்டன் மெலிந்தால் ஆணியும் முள்ளும் சீக்கிரம் உள்ளே இறங்கும். உடைமரம் அடர்ந்த நம் கிராமத்துச் சாலைகளில் ஓடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தேயும் வேகம்

புது டயரில் எவ்வளவு ஆழம் இருந்தது என்று தெரிய வேண்டும். டயர் மாட்டிய அன்றே அளந்து வைத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் வண்ணார்பேட்டையிலோ சந்திப்பிலோ ஒரு டயர் கடைக்குப் போய், அதே கம்பெனி, அதே மாடல், அதே அளவுள்ள புது டயரை அளந்துகொள்ளலாம். ஓரத்துப் பள்ளம் தேயாமல்தானே இருக்கிறது, அதையே புது ஆழமாக எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கூடாது. பல டயர்களில் ஓரத்துப் பள்ளத்தை முதலிலேயே ஆழம் குறைவாகத்தான் வார்க்கிறார்கள்.

ஒரு பின் டயரை எடுத்துக்கொள்வோம். புதிதில் 6.5 மி.மீ., 12,000 கி.மீ. ஓடிய பின் இப்போது 3.5 மி.மீ. தேய்ந்தது 3 மி.மீ.; ஆயிரம் கிலோமீட்டருக்கு 0.25. எல்லை 2 மி.மீ. என்றால் கையில் இருப்பது 1.5 மி.மீ. அன்றாட ஓட்டத்தில் அது 6,000 கி.மீ. வரும். பயணத்தில் அப்படி வராது. பின்னால் ஒருவர், பை, நாள் முழுக்க வேகம், சூடு எல்லாம் சேரும். தேய்மானத்தை ஒன்றரை மடங்காக வைத்துக் கணக்கிடுங்கள்: ஆயிரத்துக்கு 0.375 மி.மீ., ஆக 4,000 கி.மீ. வால்பாறை, ஊட்டி சுற்றி 1,500 கி.மீ. பயணம் என்றால் 0.56 மி.மீ. போகும், திரும்பும்போது மூன்று மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். தாராளமாகப் போகலாம்.

அதே டயரில் 2.4 மி.மீ. தான் இருக்கிறது என்றால் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சத்திலேயே எல்லை வந்துவிடும். மார்ச் மாதத்தில் கன்னியாகுமரி போய்வர அது போதும். மலைக்கு, அதுவும் மழைக்காலத்தில், போதாது. அந்த டயரைத் தூக்கி எறியவும் வேண்டாம். உள்ளூரில் ஓட்டித் தீர்த்துவிட்டு, பயணத்தைப் புது டயரோடு வைத்துக்கொள்ளலாம்.

எந்தச் சாலை எப்படித் தேய்க்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். நான்குவழிச் சாலையில் கங்கைகொண்டான், கயத்தாறு என்று நேராகவே ஓடும் வண்டிக்குப் பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகும். பள்ளத்தில் ஆழம் இருந்தாலும் டயரின் உருண்டை வடிவம் போய்விட்டிருக்கும். ஒரு எஃகு ஸ்கேலை டயரின் குறுக்கே வைத்துப் பாருங்கள். ஸ்கேலோடு ஒட்டி நிற்கும் தட்டைப் பகுதி டயர் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மலைச்சாலைக்கு அந்த டயர் உதவாது. வளைவில் வண்டி முதலில் சாய மறுக்கும், பிறகு சட்டென்று விழும். இதை ஓட்டுகிறவரின் பயம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், குற்றம் டயருடையது.

புளியரை வழியாகக் கேரளா போகும் கல், எம்-சாண்ட் லாரிகள் சிந்தும் ஜல்லி பட்டனைத் துண்டு துண்டாகப் பிய்க்கும். அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் ஆழத்தோடு, பட்டன்களின் விளிம்பில் வெட்டு விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பள்ளங்களில் மாட்டிய கற்களை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுங்கள். சில கல் இருந்தபடியே உள்ளே தள்ளிக்கொண்டு போகும்.

தேய்மானம் சொல்லும் கோளாறு

டயர் தேய்ந்த விதத்தைப் பார்த்தால் வண்டியின் கோளாறு தெரியும். அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே போகும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவாகவே ஓடியிருக்கிறது. நேர்ச்சாலை ஓட்டம் அதிகமில்லாமலே நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் பின் சக்கரம் கோணலாக நிற்கிறது. செயின் டைட் வைக்கும் இடத்தில் இருபுறமும் உள்ள கோடுகள் சமமாக இருக்கின்றனவா பாருங்கள், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் ஆட்டம் கண்டிருக்கிறதா என்றும் சோதியுங்கள். சக்கரத்தைச் சுழலவிட்டு, டயரை ஒட்டி ஒரு குச்சியை அசையாமல் பிடித்தால் ரிம் கோட்டம் உடனே தெரியும்.

முன் டயரைக் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் தடவ வேண்டும். சக்கரம் சுற்றும் திசையில் ஒருமுறை, எதிர்த்திசையில் ஒருமுறை. ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பப் பல் போல உறுத்தினால் பட்டன்கள் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்திருக்கின்றன. காற்றுக் குறைவு, முன் ஃபோர்க்கில் ஆயில் கெட்டுப்போனது, ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்கான கோன் செட் தளர்வு இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். ஆழம் 3 மி.மீ. இருந்தாலும் இப்படிப்பட்ட டயர் மழையில் பிரேக் பிடிக்கும்போது சத்தமும் நடுக்கமும் கொடுக்கும்.

வயது

பின் டயர் இரண்டு தேயும் காலத்தில் முன் டயர் ஒன்று தேய்வது வழக்கம். அதனால்தான் முன் டயர் ஆபத்து: பட்டன் புத்தம் புதிதாகத் தெரியும், ரப்பர் கிழடாகியிருக்கும். பக்கச்சுவரில் ஒரு சின்ன வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி உள்பக்கமும் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டு ஆன டயரை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், ஒதுக்கிவிட வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்கு அதுவரைகூட வராது.

கட்டைவிரல் நகத்தைப் பட்டனில் அழுத்துங்கள். நல்ல ரப்பர் அமுங்கி மீண்டு வரும். கெட்டியாகிப்போனது நகத்தை வாங்காது. பள்ளங்களின் அடியையும் பக்கச்சுவரையும் விரலால் விரித்துப் பாருங்கள். மேலோட்டமான மயிரிழை விரிசல் எச்சரிக்கை மட்டும். விரிசலுக்குள் டயரின் உள்நூல் தெரிந்தாலோ, பக்கச்சுவரில் எங்காவது உப்பியிருந்தாலோ பயணம் வேண்டாம், உள்ளூர் ஓட்டமும் வேண்டாம். உப்பியிருந்தால், குழியில் இடித்து உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். எந்த நிமிடமும் வெடிக்கும்.

உவரி, கூடங்குளம், இடிந்தகரை என்று கடலோரத்து வண்டிகளில் ரிம்மைத் தனியாகப் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் ரிம் துருப்பிடித்து உரிந்தால் டியூப்லெஸ் டயர் ஓரத்தில் காற்றை விடும். ஸ்போக் சக்கரத்தில் துருப்பிடித்த நிப்பிள் முனை டியூபைக் குத்தும். அந்த முனைகளை மூடும் ரிம் டேப் நைந்திருந்தால் மாற்றிவிடுங்கள், விலை ஒன்றுமில்லை.

பஞ்சரும் காற்றும்

டியூப்லெஸ் டயரில் பழைய பஞ்சர்கள் எங்கே போட்டிருக்கின்றன என்று எண்ணுங்கள். நடுப்பகுதியில் ஆணி ஏறிய சின்ன ஓட்டைக்கு ரப்பர் திரி செருகி அடைத்தது தாங்கும். 6 மி.மீ.க்கு மேற்பட்ட ஓட்டை, ஓரத்திலோ பக்கச்சுவரிலோ போட்ட பஞ்சர் இவற்றை நம்பிப் பாரத்தோடு கிளம்பக்கூடாது. டியூப் டயரில் மூன்று நான்கு ஒட்டு விழுந்த டியூப் என்றால் புது டியூப் போடுங்கள். டியூப் டயரில் காற்று ஒரேயடியாக இறங்கும். நான்குவழிச் சாலையில் அது சிறிய விஷயமில்லை. வால்வு ரிம்மில் சாய்ந்து நின்றால் டியூப் உள்ளே நகர்ந்திருக்கிறது. அதைக் கழற்றி நேராக்காவிட்டால் வால்வு அடியோடு பிய்ந்துவிடும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் மாலையில் காற்றைச் சரியான அளவுக்கு வைத்து, மறுநாள் மாலை அதே நேரத்தில், வண்டியை எடுக்காமலே அளந்து பாருங்கள். இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைந்திருந்தால் கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீரை வால்விலும் திரிகளிலும் ரிம் ஓரத்திலும் தடவித் தேடுங்கள். சொந்தமாக ஒரு காற்றுமானி வைத்துக்கொள்வது அவசியம், பெட்ரோல் பங்க்குக்கு பங்க் அளவு மாறும். எவ்வளவு வைப்பது என்பது செயின் கவர் பக்கம் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள், அதைத்தான் வைக்க வேண்டும். நண்பகல் ஓட்டத்தில் டயர் சூடாகும். உள்ளே 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ 1.5 பி.எஸ்.ஐ. ஏறும். அதைப் பார்த்துப் பயந்து காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். குளிர்ந்ததும் குறைந்துபோய், அடுத்த நாள் டயர் இன்னும் சூடாகும்.

பாரத்தையும் சரிபாருங்கள். டயர் அளவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு இலக்க எண் அது தாங்கும் எடையைக் குறிக்கும்: 51 என்றால் 195 கிலோ, 57 என்றால் 230 கிலோ. வண்டியின் பின்பாதி எடை, ஓட்டுகிறவர் எடையில் பின் சக்கரத்தில் விழும் பங்கு, பின்னால் அமர்பவர், பைகள் எல்லாம் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும்.

மாற்றுவதென்று முடிவானால் கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் மாற்றாதீர்கள். புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் 150 கி.மீ. வரை மெதுவாக, அதிகம் சாய்க்காமல் ஓட்ட வேண்டும். ஒரு வாரம் முன் மாற்றித் திருச்செந்தூர் போய்வந்தால் பெரும்பகுதி முடிந்துவிடும். மாட்டும்போது பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி சுழலும் திசையைப் பார்த்து இருக்கிறதா, ரிம்மை ஒட்டி ஓடும் கோடு சுற்றிலும் ஒரே அளவில் தெரிகிறதா என்று கடையிலேயே நின்று பார்த்துவிடுங்கள். மொட்டையான டயரில் பள்ளம் வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று நகர்ந்துவிடுங்கள். வெட்டுவது மிச்சமிருக்கும் ரப்பரை, சில சமயம் நூலையும் சேர்த்து.

வழியில் 500 கி.மீ.க்கு ஒருமுறை காலையில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டதைவிட இரண்டு மடங்கு தேய்ந்திருந்தால் மலை ஏறும் முன்பே, மதுரை, கோவை மாதிரிப் பெரிய ஊரில் டயரை மாற்றிவிடுங்கள். சாதாரண வண்டி அளவுகள் எங்கும் கிடைக்கும். அகலமான ரேடியல் டயர்கள் மலை ஊர்களில் கிடைப்பது அரிது.