நம்பாதவரும் பைபிளை முழுசாகப் படிக்க ஒரு வழி

பைபிளை முழுதும் படித்துவிட்டுத்தான் கேள்வி கேட்பேன், ஆனால் நேரமில்லை என்பவர்களுக்கு: பெயர்ப் பட்டியலும் சட்டங்களுமாக வரும் பகுதிகளைப் பஸ்ஸில் ஆடியோவாகக் கேட்டுவிடுங்கள். வாதாட வேண்டிய பகுதிகளை மட்டும் வீட்டில் புத்தகமாகப் படியுங்கள்.

66 நூல்கள் உள்ள புராட்டஸ்டண்ட் பைபிளில் மொத்தம் 1189 அதிகாரங்கள். முதல் பக்கத்தில் ஆர்வமாக ஆரம்பிக்கிறவர்கள் பலரும் லேவியராகமத்தின் பலிச் சட்டங்களில் சிக்கி நின்றுவிடுகிறார்கள். 1 நாளாகமத்தின் முதல் 9 அதிகாரங்கள் பெரும்பாலும் வம்ச வரிசைதான். கண்ணால் படித்தால் தூக்கம் சொக்கும். திருநெல்வேலியில் நாகர்கோவில் பஸ் ஏறிக் காதில் ஓடவிட்டால் வள்ளியூர் தாண்டும்போது பெரும்பகுதி முடிந்திருக்கும். தினமும் போக வர ஒரு மணி நேரம் கிடைத்தாலே பத்து அதிகாரம் ஓடும். அந்தக் கணக்கில் நாலு மாதம், அவ்வளவுதான். நடுவில் கவனம் சிதறினாலும் இந்தப் பகுதிகளில் பெரிய நஷ்டமில்லை.

யோபு, ரோமர் போன்றவற்றுக்கு இது சரிவராது. யோபுவில் யார் பேசுகிறார், அவரை யார் மறுக்கிறார் என்பது காதில் குழம்பிவிடும். இயேசுவின் வம்ச வரிசை மத்தேயு 1-லும் லூக்கா 3-லும் வேறுபடுகிறது. அதையெல்லாம் இரண்டு பக்கத்தையும் திறந்து வைத்துத்தான் ஒப்பிட முடியும்.

அப்புறம், கத்தோலிக்க நண்பரோடு பேசப் போகிறவர்கள் ஆடியோவை இறக்கும்முன் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர்கள் பைபிளில் 73 நூல்கள், சி.எஸ்.ஐ. போன்ற புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள் வைத்திருப்பதில் 66தான்.