கிட்னி மாற்றியவருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தால்: கல்லீரலைக் கெடுக்கும் தவறுகள்

புதுச் சிறுநீரகம் வேலை செய்து, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இறங்கியதும் வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். பி வைரஸ் உள்ளவருக்குக் கவனம் தேவைப்படும் காலமே அப்போதுதான் ஆரம்பம். புது உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ப்ரெட்னிசோலோன் என்று எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறார்கள். கல்லீரலில் அந்த வைரஸை இத்தனை நாள் கட்டிப்போட்டிருந்ததும் அதே எதிர்ப்புச் சக்திதான்.

நிறையப் பேர் செய்யும் பெரிய தவறு, வைரஸ் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துவது. ரத்தத்தில் வைரஸை அளக்கும் டி.என்.ஏ. டெஸ்டில் ‘வைரஸ் தென்படவில்லை’ என்று வந்தால் நோய் போய்விட்டதாக எண்ணிவிடுகிறார்கள். இந்த வைரஸ் கல்லீரல் செல்லின் கருவுக்குள் வட்டமான ஒரு டி.என்.ஏ.வாகப் பதுங்கியிருக்கும். இதற்குக் கொடுக்கும் மாத்திரைகளான என்டெகாவிரும் டெனோஃபோவிரும் வைரஸ் நகலெடுப்பதைத் தடுக்குமே தவிர, பதுங்கியிருப்பதை அழிக்காது. நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது மறுபடி பெருகும். சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு வரை போகும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைச் சாப்பிடும் காலம் முழுக்க இந்த வைரஸ் மாத்திரையும் கூடவே வரவேண்டும்.

அளவு விஷயத்தில் நடக்கும் தவறு யார் கண்ணிலும் படாது. டயாலிசிஸில் இருந்தபோது என்டெகாவிர் 0.5 மி.கி. மாத்திரையை வாரத்துக்கு ஒன்று என்று எழுதியிருப்பார்கள். மாற்றுக்குப் பின் சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் அது தினமும் ஒன்றாக மாறவேண்டும். பழைய சீட்டையே காட்டி வாங்கிக்கொண்டிருந்தால் மருந்து போதாமல் போகும். கிரியாட்டினின் ஏறினால் அளவை மறுபடி குறைக்க வேண்டியிருக்கும். சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னோ பின்னோ, வெறும் வயிற்றில்தான் இதை விழுங்கவேண்டும். இட்லியோடு சேர்த்துப் போட்டால் உடலில் ஏறுவது குறையும்.

டெனோஃபோவிரில் இரண்டு வகை உண்டு. டைசோப்ராக்சில் 300 மி.கி. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. அலாஃபெனமைடு 25 மி.கி. அந்த வகையில் மென்மையானது. பெயர் ஒன்றுதானே என்று மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பல வருடங்களுக்கு முன் மாற்று செய்துகொண்ட சிலர் இன்னும் லாமிவுடின் என்ற பழைய வைரஸ் மருந்திலேயே இருப்பார்கள். ஐந்தாண்டுகளில் சுமார் 70 சதவீதம் பேருக்கு வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிவிடும் என்பதால், அவர்கள் டாக்டரிடம் கேட்டே ஆகவேண்டும். இன்டர்ஃபெரான் ஊசி இவர்களுக்குப் பொதுவாக ஆகாது; மாற்றிய சிறுநீரகத்தையே உடல் நிராகரிக்கத் தூண்டிவிடும்.

எல்.எஃப்.டி. (கல்லீரல் என்சைம்களைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) நார்மல் என்ற ஒரு வரியை நம்பி இருந்துவிடுவதும் ஆபத்து. என்சைம் ஏறாமலே கல்லீரலில் தழும்பு கூடிக்கொண்டு போகலாம். அதனால் டி.என்.ஏ. அளவையும் அவ்வப்போது பார்க்கவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேனும் தேவை, ஏனென்றால் பி வைரஸ் சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பாகி இறுகுவது) வராமலேயே கல்லீரல் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியது. ‘எனக்கு எப்போதோ வந்து போய்விட்டது’ என்பவரும் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. சிறுநீரக நிராகரிப்பை அடக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசி போட நேர்ந்தால், தூங்கிக்கொண்டிருந்த வைரஸ் விழித்துக்கொள்ளும் வாய்ப்பு பலமடங்கு கூடும்.

கீழாநெல்லிக்கு வருவோம், நம் ஊரில் இது இல்லாமல் பேச்சு முடியாது. 1988-இல் லான்செட் இதழில் வந்த சென்னை ஆய்வு ஒன்று, கீழாநெல்லி கொடுத்ததில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தத்தில் பி வைரஸ் அடையாளம் மறைந்ததாகச் சொன்னது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதை நம்பி வைரஸ் மாத்திரையை விடுவது ஒரு ஆபத்து என்றால், சூரணமும் லேகியமும் டாக்ரோலிமஸின் அளவை ஏற்றவோ இறக்கவோ செய்யலாம் என்பது இன்னொன்று. சாப்பிட்டிருந்தால் பயப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, டாக்ரோலிமஸ் அளவை உடனே பார்த்துச் சரிசெய்வார்கள்.