கழுத்தில் கயிறு புதைந்த நாயை மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பது எப்படி?

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் திண்ணைகளில், வளர்த்தவர்கள் விட்டுச்சென்ற நாய்கள் ஒதுங்கியிருப்பதைக் காணலாம். அவற்றில் சிலவற்றின் கழுத்தில், குட்டியாக இருந்தபோது கட்டிய நைலான் கயிறு, உடல் வளர வளர இறுகிச் சதைக்குள் புதைந்திருக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு முடி விலகியிருப்பது மட்டுமே தெரியும். அருகில் சென்றால் சீழ் வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

1. மருத்துவரிடம் நேரம் வாங்கிய பிறகே நாயைப் பிடியுங்கள். மயக்க மருந்து கொடுத்தே கயிற்றை எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் வயிறு காலியாக இருப்பது நல்லது; ஆனால் நாயை வரவழைக்க உணவும் தேவை. எலும்பில்லாத கோழித்துண்டுகளை விரல்நுனி அளவில் சிலவே கொடுத்து, அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

2. நம் வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருப்பதால், முகப்பில் நுழைந்த நாய் பின்கட்டு வழியே போய்விடும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிப் பின்வாசலை முதலில் அடைக்கச் செய்யுங்கள். வலை வீசுவதை நான் ஏற்பதில்லை. திமிறும்போது புண் மேலும் கிழியும்.

3. வாயைக் கட்டுதல். பலரும் தடுமாறும் இடம் இதுதான். எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். பழைய கண்டாங்கிச் சேலையில் இரண்டு விரல் அகலத்தில், நான்கடி நீளத்தில் கிழித்த துணியே என் தேர்வு; நைலான் கயிறு வழுக்கும், அறுக்கவும் செய்யும். துணியின் நடுவில் தளர்வான வளையம் போட்டு, நாயின் எதிரே நிற்காமல் பக்கவாட்டிலிருந்து அதை மூக்கின் நடுப்பகுதியில் நுழைத்து, முடிச்சு மேலே வருமாறு இறுக்குங்கள். இதோடு நிறுத்தினால் நாய் முன்காலால் உருவிவிடும். ஆகவே இரு முனைகளையும் தாடைக்குக் கீழே குறுக்காக மாற்றி, புண்ணில் படாமல் காதுகளுக்குப் பின்னால் கொண்டுபோய், இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். புண் காதுவரை எட்டியிருந்தாலோ, நாய் உறுமி நெருங்கவிடாவிட்டாலோ, இதைச் செய்யாமல் மருத்துவரையே வரவழையுங்கள். நாய் மூச்சிரைத்தே உடல் சூட்டைத் தணிக்கும் என்பதால் கட்டு சில நிமிடங்களுக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் ஏறுமுன் வேலையை முடியுங்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கும், பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கும் வாயைக் கட்டவே கூடாது.

4. கழுத்தில் எதையும் மாட்டாமல், முன்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அகலத் துணியைக் கட்டி நடத்திச் செல்லுங்கள், அல்லது போர்வையில் தூக்குங்கள். வீட்டிலேயே கயிற்றை வெட்ட முயலாதீர்கள். பெரிய ரத்தக்குழாய்கள் அருகிலேயே ஓடுகின்றன.

கடிபட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

வளர்த்தவரோடு சண்டைக்குப் போவது வீண். பிராணியைப் பட்டினியில் தவிக்கக் கைவிடுவது 1960ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி குற்றமே. ஆனால் முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான்.

பிற்சேர்க்கை: புண்ணில் புழு இருந்தால் பினாயில் ஊற்றலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது, அது சதையை வேகவைத்துவிடும். ஈ மொய்க்காதபடி ஈரத்துணியால் மூடி மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். பூனையாக இருந்தால் வாயைக் கட்டாமல் தடித்த துண்டில் சுற்றி மூடிபோட்ட கூடையில் வையுங்கள். வலிக்கென்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும்.