தைப்பிங்கை முதலில் முடியுங்கள்

கோட்டையையும் போர்க் கல்லறைகளையும் ஒரே நாளில் பார்க்கப் பினாங்கிலிருந்து காரில் கிளம்புகிறவர்கள், பக்கத்தில்தானே இருக்கிறது என்று கார்ன்வாலிஸ் கோட்டையில் தொடங்காதீர்கள். விடிந்ததும் பாலத்தைத் தாண்டிப் பேராக் மாநிலத்துத் தைப்பிங் நகருக்குப் போய்விடுங்கள். மழைக்குப் பேர்போன ஊர். பிற்பகலை நம்ப முடியாது.

அங்குள்ள இரண்டாம் உலகப் போர்க் கல்லறைத் தோட்டத்தைச் சாலை இரண்டாகப் பிரிக்கிறது. ஒருபுறம் கிறிஸ்தவ வீரர்கள்; மறுபுறம் இந்திய, கூர்க்கா வீரர்கள். முதல் முறை நான் சாலையைக் கடக்காமலே திரும்பிவிட்டேன், இன்றும் உறுத்துகிறது. அடக்கமான 850-க்கும் மேற்பட்டோரில் 500-க்கும் அதிகமானவர்கள் பெயர் தெரியாதவர்கள்.

வெயில் தணிந்ததும் பினாங்கு திரும்பிக் கோட்டை. 1603-இல் டச்சுக்காரர்கள் வார்த்த ஸ்ரீ ரம்பை பீரங்கியைத் தேடுங்கள். பிள்ளை வரம் வேண்டி அதற்குப் பூ வைத்த பெண்கள் உண்டு. பினாங்கில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் கல்லறையும் கோட்டை இருக்கும் ஊருக்குள்தான். மரநிழலில் கொசு கடிக்கும், முழுக்கைச் சட்டை போடுங்கள்.