பாபூக்கைக் கண்டதும் செருப்பைத் தேடுகிறவர்களுக்கு

புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் இந்தியப் பெருங்கடலில் இருக்கிற இந்தப் பிரெஞ்சுத் தீவு ரெயூனியனுக்குக் குடிவந்த குடும்பங்களிலிருந்து வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது எனக்கு ராத்திரியில் போன் வரும். "அண்ணே, சுவர்ல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி. என்ன செய்யறது?" பின்னால் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்கும். பூச்சியை விட அந்தச் சத்தம்தான் எனக்குப் பயம். "முதல்ல நாற்காலியை விட்டு இறங்குங்க" என்பேன். இங்கு வந்த முதல் மழைக்காலத்தில் கையில் செருப்போடு நாற்காலி மேல் ஏறி, மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்தவன் நான். பூச்சி என்னைத் தொடக்கூட இல்லை.

இந்த ஊர்க்காரர்கள் அதைப் பாபூக் என்கிறார்கள். உடம்பு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான். காலை விரித்தால் 10, 12 சென்டிமீட்டர் வரும். நண்டு மாதிரி பக்கவாட்டில் காலைப் பரப்பிக்கொண்டு, சுவரில் ஒட்டிய படம் போல உட்கார்ந்திருக்கும். ஹெட்டெரோபோடா வெனடோரியா என்பது அதன் அறிவியல் பெயர். 1767இல் லின்னேயஸ் என்ற இயற்கை ஆய்வாளர் வைத்த 'வெனடோரியா' என்ற சொல்லுக்கு வேட்டைக்காரி என்று பொருள். ஆசியப் பக்கத்திலிருந்து கப்பல் சரக்கோடு வெப்ப நாடுகள் எங்கும் பரவிய சாதி என்கிறார்கள். வாழைத்தாருக்குள் பதுங்கிப் பயணம் போவதால் சில நாடுகளில் வாழைச் சிலந்தி என்றே பெயர். நம் ஊர் விறகுக் கொட்டகையிலும் இதே சாதிதான் ஓடும். அங்கே அதற்கென்று நமக்கு ஒரு பெயர் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

நிறையப் பேர் முதலில் எடுப்பது ஒட்டடைக் குச்சி. பாபூக் வலை பின்னுவதே இல்லை. திருவானைக்காவில் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் பந்தல் போட்டு, அடுத்த பிறவியில் கோச்செங்கணானாகப் பிறந்த சிலந்தி வேறு வம்சம். இது ராத்திரி முழுக்க நடந்தே வேட்டையாடும். பகலில் தட்டையான ஏதாவது ஒன்றின் பின்னால் ஒளிந்துகொள்ளும்: சாமி படம், திரைச்சீலை, நாக்கோ சன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு இடையில், தகரக் கூரைக்கு அடியில். சாமி படத்தைத் துடைக்கும்போது வெடுக்கென்று எடுக்காமல், முதலில் கீழ் விளிம்பை மெதுவாக முன்னால் இழுத்துப் பாருங்கள். பாபூக் தானாகவே அடுத்த படத்துக்குப் போய்விடும்.

அடுத்த தவறு மருந்து அடிப்பது. மருந்து பட்ட பாபூக் உடனே சாகாது. கண்டபடி ஓடும், சுவரிலிருந்து விழும், சில சமயம் அடித்தவர் மேலேயே ஏறும். அது தாக்குதல் இல்லை; பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிற ஒரே பொருள் நீங்கள். ஊதிப் பார்ப்பதும் இதே வகைதான். காலெல்லாம் மெல்லிய ரோமம்; காற்று லேசாக அசைந்தாலே அதற்குத் தெரிந்துவிடும். ஊதினால் ஓடத்தான் செய்யும்.

வீடு முழுக்க மருந்து அடிக்க ஆள் கூப்பிட்டால் நஷ்டம் இன்னும் பெரிது. நாங்களும் ஒருமுறை கூப்பிட்டோம். மருந்தின் வேகம் குறைந்ததும் முதலில் திரும்பி வந்தது கரப்பான்தான். பெரிய கரப்பானின் ஒரு முட்டைக்கூட்டில் 14, 16 முட்டை இருக்கும், அப்படி ஒன்று மாற்றி ஒன்று இட்டுக்கொண்டே போகும். பாபூக் குஞ்சு வளர்ந்து பெரியதாக மாதக் கணக்காகும். இந்த ஊர்க் கிழவிகள் பாபூக்கை அடிக்க விடாததற்குக் காரணம் கேட்டால் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: கங்க்ரெலா. கரப்பானுக்கு இங்கே அதுதான் பெயர்.

சரி, படுக்கையறையில் வேண்டாம், வெளியே விடலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். இங்கே நடக்கிற தப்பு டம்ளர். 12 சென்டிமீட்டர் பூச்சி மேல் 7 சென்டிமீட்டர் டம்ளரைக் கவிழ்த்தால் கால் நசுங்கும். இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா எடுங்கள், உள்ளே தெரிகிற மாதிரி இருந்தால் நல்லது. விளக்கைப் போட்டு அரை நிமிஷம் சும்மா நில்லுங்கள். அது அசையாமல் உட்கார்ந்துவிடும். டப்பாவை நேராக, மெதுவாகக் கொண்டுபோய்ச் சுவரோடு ஒட்டி வையுங்கள். அப்புறம் டப்பாவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு அட்டை. சாதாரணக் காகிதம் வளைந்துவிடும். எங்கள் வீட்டில் இதற்கென்றே ஒன்று இருக்கிறது: ஊரிலிருந்து வந்த தினசரிக் காலண்டரின் அட்டை, தாளெல்லாம் கிழித்து முடிந்தது. முருகன் படம் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பது என் மனைவியின் உத்தரவு. கால்கள் நகர நேரம் கொடுத்து அட்டையை அங்குலம் அங்குலமாகத் தள்ளுங்கள். கொண்டுபோய் வெளிச் சுவரிலோ, தோட்டத்து மரத்தடியிலோ விட்டால் போதும்.

டப்பாவை வைக்கும் முன் அதன் வயிற்றுக்கு அடியில் பாருங்கள். வெள்ளை வில்லை ஒன்றைக் கட்டிப் பிடித்திருந்தால் அது தாய். அந்த வில்லைக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள். அவளைத் துடைப்பத்தால் அடிப்பதைப் போல முட்டாள்தனம் கிடையாது. பொரிக்கிற சமயமாக இருந்தால் குஞ்சுகள் அறை முழுக்கச் சிதறும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மெத்தையைத் தூக்கி உதறிய குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

தரையில் அசையாமல் கிடப்பதைச் செத்தது என்று கையால் எடுப்பதும் உண்டு. சிலந்தியின் முக்கியமான கால் மூட்டுகளில் நீட்டுகிற தசை கிடையாது. உடம்பில் ஓடும் நீரை அழுத்தித்தான் காலை நீட்டும். செத்தால் அழுத்தம் போய்க் கால்கள் உள்பக்கமாகச் சுருண்டுவிடும். கால் பரப்பிக் கிடந்தால் உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் மூடி திறந்த மாதிரி பிளந்து, எடையே இல்லாமல் கிடந்தால் அது உரித்துப் போட்ட சட்டை.

கடிக்குமா? கையால் அழுத்திப் பிடித்தால் கடிக்கும். குளவி கொட்டியது போல வலிக்கும், வீங்கும். சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒற்றினால் சாதாரணமாகச் சரியாகிவிடும். மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் இங்கே அவசர மருத்துவ உதவிக்கான எண் 15ஐக் கூப்பிடுங்கள்.

ஆனால் இடுப்பில் ஒரு பக்கமாகப் பட்டை போட்டது போலக் கொப்புளம் வந்தால் "பூச்சி ஊர்ந்துடுச்சு, சிறுநீர் விட்டுடுச்சு" என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். நம் மொழியே இதில் கொஞ்சம் வழி தவற வைக்கும்: சிலந்தி என்றால் பூச்சி, சிலந்தி என்றால் புண்ணும்கூட; நரம்புச் சிலந்தி என்று பழைய ஆட்கள் சொன்னது ஒரு புழுவால் வருகிற நோய். அந்தக் கொப்புளம் பெரும்பாலும் அக்கிதான். எப்போதோ வந்த சின்னம்மையின் வைரஸ் உடம்பில் தூங்கிக் கிடந்து மறுபடி எழுவது அது. மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும். பாபூக் மேல் பழி போட்டு அந்த மூன்று நாளைக் கழித்துவிட்டு மாதக் கணக்கில் எரிச்சலோடு இருப்பவர்கள் உண்டு.

இந்தத் தீவில் விஷப் பாம்பு கிடையாது. உண்மையில் கவனிக்க வேண்டியது பூரான். மழைக்குப் பிறகு செருப்பு, ஈரத் துணி, குளியலறை வடிகால் எல்லாம் பார்த்துத் தொடுங்கள். தோட்டத்தில் தங்க நிற நூலில் பெரிய வலை கட்டியிருப்பது பீப் என்கிற இன்னொரு சிலந்தி. அவளும் அப்பாவி, வலையைக் கிழிக்காமல் சுற்றிப் போங்கள்.

காரில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வெயில் மறைப்புப் பலகைக்குப் பின்னால் பாபூக்குக்கு நல்ல இடம். கடலோரச் சாலையில் வண்டி ஓடும்போது பலகையை இறக்கி, மடியில் அது விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் வண்டியைக் கிளப்பும் முன்பே பலகையை ஒருமுறை இறக்கிப் பார்த்துவிட வேண்டும். ஓடும்போது கண்ணில் பட்டால், ஓரமாக நிறுத்தும் வரை அதைப் பார்க்கவே வேண்டாம்.

எங்கள் சமையலறையில் இப்போது ஒருத்தி இருக்கிறாள், இந்த வருஷக் காலண்டருக்குப் பின்னால். காலையில் தேதித் தாளைக் கிழிக்கும்போது ஒரு கால் மட்டும் விளிம்பில் தெரியும். தாளை நான் மெதுவாகத்தான் கிழிக்கிறேன்.